பேய்க்கு என் காலைக் கொடுத்த மகனுக்கு

மகனே,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்கினால் அம்மா சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாய். அதனால் கேட்கவில்லை. பெற்றவளின் காலை எடுத்துப் பேய்க்கு மாட்டிவிட்டவனுக்கு என்ன குறை இருக்கப்போகிறது, நன்றாகத்தான் இருப்பாய். இந்தக் கடிதத்தை உன் விலாசத்துக்கு அனுப்பப் போவதில்லை. பதினெட்டு வருஷமாக நான் துணுக்கு எழுதி அனுப்பி, அதில் நாலே நாலு அச்சான பத்திரிகை ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் அனுப்பப் போகிறேன். நீ என்னைக் கேட்காமல் என் நடையை ஊருக்குக் கேட்கவைத்தாய். நான் உன்னைக் கேட்காமல் உனக்கு எழுதியதை ஊருக்குப் படிக்கக் கொடுக்கிறேன். துணுக்கைப் போடாதவர்கள் இதையாவது போடுவார்கள். சண்டை என்றால் எல்லோருக்கும் பிடிக்கும்.

படிக்கிறவர்களுக்கு முதலில் உன் வேலை இன்னதென்று சொல்லவேண்டும். எனக்கே அது புரிய மூன்று வருஷம் ஆனது. சினிமாவில் ஒருவர் நடக்கிறார், கதவைத் திறக்கிறார், தண்ணீர் குடிக்கிறார் என்றால் நாம் கேட்கிற சத்தம் பெரும்பாலும் அங்கே எடுத்தது இல்லையாம். படம் எடுத்து முடித்தபிறகு ஓர் அறைக்குள் திரையில் காட்சியை ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே ஒருவர் நடந்து, கதவைத் தள்ளி, தம்ளரை வைத்து, அந்தச் சத்தங்களைப் பதிவு செய்து ஒட்டவேண்டும். அதற்கு ஃபோலி என்று பெயர். கடைத்தெருவில் யாராவது, "உங்க பையன் சினிமாவுல இன்னா பண்றான்?" என்று கேட்டால், "சத்தம் போடறான்" என்பேன். "அத வூட்லயே போடலாமே, இன்னாத்துக்கு மெட்ராஸ் போனான்?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்போது உன் வேலை எனக்குச் சிரிப்பாக இருந்தது.

பொங்கலுக்கு வந்தவன் திரும்பும்போது பையில் ஒரு மூட்டை புளிய ஓடு, பழைய முறம், உன் நைனாவின் பிய்ந்த தோல் பெல்ட் எல்லாம் கட்டிக்கொண்டு போனாய். முருங்கைக்காயை முறித்தால் எலும்பு ஒடிகிற மாதிரி கேட்கும் என்று நீ சொன்னதும் கொல்லையில் இருந்ததையெல்லாம் நானே பறித்துக் கொடுத்தேன். பிறகு நீ சத்தம் போட்ட சண்டைப் படம் ஒன்றில் வில்லனின் கை ஒடிந்தபோது தியேட்டரே உச்சுக் கொட்டியது. எனக்கு மட்டும் சாம்பார் ஞாபகம் வந்தது. அதே பொங்கலுக்கு என் பழைய செருப்பில் ஒன்று காணாமல் போனது. வலது கால் செருப்பு. இழுத்து இழுத்து வெளிப்பக்க ஓரம் முழுக்கத் தேய்ந்துபோனது. நாய் தூக்கிப் போயிருக்கும் என்று முடிவுகட்டி, மூன்றாவது வீட்டு நாய்க்காரியோடு தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டேன். அந்த நாயின் பிறப்பு வளர்ப்புவரை பேசிவிட்டேன். இன்றைக்குவரைக்கும் அவள் என்னோடு பேசுவதில்லை. நாயும்தான்.

அந்தப் பேய்ப் படம் நம்ம ஊருக்கு வந்த இரண்டாம் நாள் மேட்னிக்கு மகளிர் குழுவில் பதினொரு பேரை இழுத்துக்கொண்டு போனேன். "டைட்டில்ல எம் புள்ள பேரு வரும், கண்ண சிமிட்டாதீங்க" என்று சொல்லி உட்காரவைத்தேன். வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. சிமிட்டாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். பக்கத்தில் சபியா உட்கார்ந்திருந்தாள். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், சபியா எங்கள் எதிர்வீடு. கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிற குடும்பம். என்னைவிட ரெண்டு வயசு சின்னவள். ஊர்க்கதை பேசுவதில் எனக்கு முப்பது வருஷக் கூட்டாளி.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி வந்தது. ஒரு வீடு. மத்தியான நேரம். கரண்ட் போய்விடுகிறது. அறைக்குள் ஒரு பையன் தனியாக உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். வெளியே நடைவழியில் பேய் வருகிறது. பேயைக் காட்டவில்லை. மியூசிக்கும் இல்லை. தட். சர்ர்க். தட். சர்ர்க். ஒரு கால் ஊன்றுகிறது, ஒரு கால் இழுபடுகிறது. தியேட்டரில் சின்னப் பிள்ளைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். சபியா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, நீ வர்ற சத்தம் கேக்குது."

"நான் இங்கதானடி குந்தினு இருக்கேன்."

"அதான்க்கா எனக்கு பயமா இருக்குது."

எனக்கு அப்போதும் புரியவில்லை. தன் குரலைத் தானே அடையாளம் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள், காலையும் அப்படித்தான் போலிருக்கிறது. விளக்கு போட்டார்கள். நான் எழுந்து பாத்ரூம் போகப் படியேறினேன். தட். சர்ர்க். பின்வரிசையில் ஒரு பொடியன், "டேய், பேய் டிக்கெட் எடுத்துதான்டா வந்துருக்குது" என்றான். அந்த வரிசையே சிரித்தது. அடுத்த வரிசைக்கு விஷயம் போய் அதுவும் சிரித்தது. என் குழுப் பெண்கள் பதினொரு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த ஊரில் குறைந்தது பத்துப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவள் நான். ரேஷன் கடைக்காரருக்கு நான் வைத்த பெயரில்தான் அவருக்குக் கல்யாணப் பத்திரிகையே வருகிறது. எனக்குப் பெயர் வைக்க ஊரில் ஒருவரும் துணிந்ததில்லை. என் மகன் துணிந்துவிட்டான்.

அதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த நடையை மட்டும் வெட்டி எடுத்து ரீல்ஸ் போடுகிறார்கள். புருஷன் சமையலறைக்குள் வருகிறான், தட், சர்ர்க். மேனேஜர் வருகிறார், தட், சர்ர்க். நம்ம தெருவில் எல்லா போனிலும் என் கால் நடக்கிறது. நான் அங்கன்வாடி டீச்சர் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மூன்று வயசும் நாலு வயசுமாகப் பதினாறு பிள்ளைகள். சாப்பாடு போட்டுத் தூங்கவைத்துவிட்டு, பாய்களுக்கு நடுவே நான் ஒரு சுற்று நடந்துவருவேன். இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் தூங்கின. போன மாதம் இனியா என்கிற நாலு வயசுப் பெண் நான் கிட்டே வந்ததும் பாய்க்கு அடியில் நுழைந்துகொண்டாள். மறுநாள் வரவில்லை. நாலாம் நாள் அவள் அம்மா வந்தாள், கூசிக்கொண்டே நின்றாள். "டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. புள்ள வரமாட்டேங்குது. போன்ல பாத்துட்டு பயந்துடுச்சி. நீங்க கொஞ்சம் செருப்ப கழட்டிட்டு நடக்கறீங்களா?" என்றாள். கழற்றினேன். வெறுங்காலும் அப்படித்தான் இழுத்தது. செருப்பைக் கழற்றலாம், காலைக் கழற்றி வாசலில் விட முடியுமா?

அன்றைக்குச் சாயங்காலம்தான் உனக்குப் போன் போட்டேன். நீ பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன், மறுக்க முடியாது.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"எதும்மா?"

"என் கால."

"கண்டுபுடிச்சிட்டியா" என்றாய்.

"ஊரே கண்டுபுடிச்சிடுச்சி. செருப்பு எங்க?"

"ஸ்டூடியோவுல இருக்குது. சிமெண்ட் பலகைல கொஞ்சம் மணல் தூவி நடந்தேன். எனக்கு பத்தல, வெரல மட்டும் நொழச்சிக்கினு நடந்தேன்."

"நாய்க்காரிகிட்ட நான் வாங்கின பேச்சு தெரியுமாடா உனக்கு? போவட்டும். பேய்க்கு போடறதுக்கு ஒலகத்துல வேற காலே கெடைக்கலியா?"

"டைரக்டர் கொலுசு கேட்டாரும்மா. கொலுசுக்கு இப்ப யாரும் பயப்பட மாட்றாங்கன்னு சொன்னேன். அப்ப நீ எதுக்குடா பயப்படுவன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. செருப்ப போட்டுக்கினு நடந்து காட்னேன்."

நான் போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நீ கூப்பிட்டதையெல்லாம் எடுக்கவில்லை. நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை மட்டும் கேட்டேன். ஓடிடிக்குப் போவதற்கு முன்னால் சத்தத்தையெல்லாம் ஒருதடவை திறந்து சரிபார்ப்பார்கள், அப்போது அந்த நடையை எடுத்துவிடலாம், தீபாவளிக்குள் சொல் என்றாய். டைரக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனாலும் சண்டை போட்டு எடுத்துவிடுவேன் என்றாய். அதைக் கேட்டுத்தான் அடுத்த படத்துக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதையும் கடைசியில் மெதுவாகச் சொன்னாய். அதாவது பாரத்தை என் தலையில் இறக்கிவைத்துவிட்டாய். இருக்கட்டும். அதன் கீழேயே 'கால் மட்டும்' என்று பெயர் போட்டு ஒரு ஆடியோவும் அனுப்பியிருக்கிறாய். அதை நான் திறக்கவில்லை. என் கால் என்னோடுதானே இருக்கிறது, போனில் வேறு எதற்கு?

சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். உனக்கு ஐந்து வயசில் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். நீ கையை உதறிக்கொண்டு பாறைமேல் ஓடினாய். உன்னைப் பிடிக்க ஓடி விழுந்து உடைந்த கால் இது. உனக்காக உடைந்த காலை எடுத்து நீ ஊருக்கு வேடிக்கை காட்டியிருக்கிறாய். உன் பயத்துக்குப் பெற்றவளா கிடைத்தாள்? வேறு எந்தப் பிள்ளைக்காவது தாய் நடந்துவருகிற சத்தம் பயமாக இருக்குமா? நாளைக்கு உனக்கும் கல்யாணம், பிள்ளை என்று வரும். அப்போது உன்னுடைய எதையாவது அது எடுத்துப் பேய்க்கு மாட்டும், அன்றைக்கு என்னை நினைத்துக்கொள். என் பதில் இதுதான்: எடுத்துவிடு. உன் டைரக்டரிடம் சொல்லிக் கொலுசைப் போட்டுக்கொள்.

*

மேலே உள்ளதை எழுதி மூன்று வாரம் ஆகிறது. தபாலில் சேர்க்கவில்லை. கவரில் போட்டு ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டி, டிவி மேல் வைத்திருந்தேன். இன்று பிரித்து மறுபடி எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஒரு பத்தி பொய். அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். எவ்வளவு சரளமாக எழுதியிருக்கிறேன் என்று நீயும் பார், படிக்கிறவர்களும் பார்க்கட்டும்.

இனியா திரும்ப வந்தாள். அவள் அம்மா வேலைக்குப் போகவேண்டும், வேறு வழியில்லாமல் கொண்டுவந்து விட்டாள். இரண்டு நாள் மூலையில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சுண்டல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"டீச்சர், ஒன் காலு இன்னாத்துக்கு அப்டி சொல்லுது?"

எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. பதில் நாக்கிலேயே இருக்கிறது. எம் புள்ளைய புடிக்க ஓடினேன் கண்ணு என்று வாயைத் திறந்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். நான் எதைச் சொன்னாலும் நம்புவதற்குத் தயாராக இருந்த முகம். ஐந்து வயசில் நீயும் இப்படித்தான் பார்த்தாய். நாக்கிலிருந்ததை விட்டுவிட்டேன். பிறகு சொன்னேன்.

"சினிமா ஷூட்டிங் பாக்க பாற மேல ஏறி, வழுக்கி வுழுந்துட்டேன்."

"அழுதியா?"

"அழுதேன்."

"யாரு தூக்குனா?"

இந்தக் கேள்வியை இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் பொய் அன்றைக்கே உடைந்திருக்கும்.

"எம் புள்ள தூக்குனான்."

"பெரிய புள்ளயா?"

"ஒன்ன விட இத்தினியூண்டு பெருசு."

"பொய்யி" என்று சொல்லிச் சிரித்தாள். கிண்ணத்திலிருந்த சுண்டல் கொட்டியது. அன்று மத்தியானம் நான் சுற்றிவரும்போது அவள் எழுந்து என் பின்னால் வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். அவள் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் பதினாறும் வரிசையாக, ரயில் மாதிரி, சர்ர்க் சர்ர்க்கென்று இழுத்துக்கொண்டு வந்தன. ஒருவரும் தூங்கவில்லை. சூப்பர்வைசர் மட்டும் அந்த நேரத்துக்கு வந்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

நடந்தது இதுதான். அன்றைக்குக் கோட்டையில் ஷூட்டிங் என்று சபியாதான் சேதி கொண்டுவந்தாள். பெரிய கதாநாயகன். எனக்கு முப்பது வயசு, அவளுக்கு இருபத்தெட்டு. உன் நைனா கழனியில் இருந்தார். நான் உன்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். கோட்டை இருக்கிற ராஜகிரி மலை அடிவாரத்தில் கயிறு கட்டி ஆட்களை நிறுத்தியிருந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. கோட்டைக்குள் ராஜாக்கள் கட்டிய கல்யாண மகாலுக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் உன்னை உட்காரவைத்தேன். கையில் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்து, "அம்மா வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது" என்றேன். நீ எழுந்திருக்கவில்லை. நானும் சபியாவும் கயிற்றைச் சுற்றி, வழியே இல்லாத பக்கமாகப் பாறைமேல் ஏறினோம். கதாநாயகனின் முதுகைப் பார்த்தேன். கையை ஆட்டினேன். வழுக்கினேன். அந்த முதுகும் அவருடையது இல்லை, சண்டைக்கு வந்த டூப் என்று சபியா பிற்பாடு விசாரித்துச் சொன்னாள். டூப்பின் முதுகுக்குக் காலை உடைத்துக்கொண்டவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் கத்தியது கேட்டுத்தான் நீ எழுந்தாய். அதற்குமுன் எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டே வந்து, முறுக்குப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, என் கையை உன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாய். என்னைத் தூக்கப் பார்த்தாய். "எழுந்துரும்மா, எழுந்துரும்மா" என்று சொல்லிக்கொண்டே இழுத்தாய். நீ பிறந்ததிலிருந்து செய்த நல்ல காரியங்களில் முதல் காரியம் அது. அதைத்தான் நான் தலைகீழாக மாற்றினேன். உன் நைனா பதறிக்கொண்டு வந்து, "இங்க இன்னாடி வேல உனக்கு?" என்று கேட்டபோது, "இவன் பாற மேல ஓடிட்டான், புடிக்கப் போனேன்" என்றேன். மூன்றே நொடியில் வந்த பொய். சபியா பக்கத்தில் நின்று வாயைத் திறக்கவில்லை. யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை ஊருக்குச் சொல்லிவிடுகிறவள், இதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் உன் நைனா புளிய விளாரை ஒடித்து உன்னை அடித்தார். முதலும் கடைசியுமாக. நான் மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போதும் விடுங்க என்றேன். அவன் ஓடவில்லை என்று சொல்லவில்லை. கால் கோணலாகக் கூடியதுகூட உன்னால் இல்லை. சபியா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்று மாவுக்கட்டை நானே டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னால் பிரித்துவிட்டேன். அதையும் உன் கணக்கிலேயே எழுதினேன். ஏழாவது படிக்கும்போது ஒருநாள் என்னிடம் வந்து, "நான் ஏம்மா அன்னிக்கு ஓடினேன்?" என்று கேட்டாய். நான் சொல்லிச் சொல்லியே, ஓடாத நீ ஓடியது உனக்கு ஞாபகம் வந்துவிட்டது. காட்சியில் இல்லாத சத்தத்தைப் பிறகு செய்து ஒட்டினால் அதுதான் நிஜம் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்று நீ உன் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாயே, எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நான் அதை அன்றைக்கே செய்துவிட்டேன்.

போன வாரம் நீ அனுப்பிய 'கால் மட்டும்' என்பதைத் திறந்தேன். சபியாவின் மருமகளிடம் காதில் மாட்டுகிற கருவியை வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். பதினோரு அடி. ஒவ்வொரு அடியும் வேறு வேறாக இருக்கிறது. நாலாவதில் கொஞ்சம் மணல் அதிகமாக நெரிகிறது. எட்டாவதில் இழுபடுகிற சத்தத்தை நடுவில் வெட்டி ஒரு சின்ன வெறுமை வைத்திருக்கிறாய், சாத்திய கதவை நானே திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பதினொன்றாவது அடியில் கால் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு, தியேட்டரில் எனக்குக் கேட்காத ஒன்று கேட்டது. யாரோ மூச்சை உள்ளே இழுத்து அடக்குகிற சத்தம். அது அந்தப் படத்துப் பையனின் மூச்சு இல்லை. சின்ன வயசிலிருந்தே மூச்சு இழுத்தால் உன் மூக்கில் மெல்லிசாக ஒரு விசில் வரும். எந்தக் கூட்டத்திலும் எனக்கு அது தெரியும்.

நீ பத்தாவது படிக்கும்போது சாயங்காலம் விளக்கு வைத்ததும் நான் நடைவழியில் நடந்துவந்து உன் அறை வாசலில் நிற்பேன். நின்று, "உன்னால போன காலுடா இது, அதுக்காவது படி" என்பேன். தினமும். நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ நன்றாகப் படித்தாய், அதனால் அது பலிக்கிறது என்றும் நினைத்தேன். நான் வந்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே நீ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாய் என்று ஒருநாளும் எனக்குத் தெரியவில்லை. பதினாறு பிள்ளைகளில் எது தூங்குகிறது, எது தூங்குகிற மாதிரி நடிக்கிறது என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுகிறவள் என்று எனக்குப் பெருமை வேறு.

திங்கட்கிழமை காலையில் உன் நைனாவிடம் சொன்னேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டார். "அன்னிக்கு அவன அடிச்சேனே" என்றார். "ஆமா" என்றேன். "ஓடவே இல்லியா அவன்?" "இல்ல. குந்த வெச்ச எடத்துலயே குந்தினு இருந்தான்." கும்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கழனிக்குப் போனார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். முந்தாநாள் சபியா கடைக்கே போய், "நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்று கேட்டிருக்கிறார். அவள் அழுதுவிட்டாளாம். உனக்குப் போன் செய்யவேண்டும் என்று நம்பரைப் பார்க்கிறார், வைத்துவிடுகிறார். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் கூப்பிட்டால் நீயே முதலில் பேசு.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்ப முதலில் நினைத்தது உன்னைப் பழிவாங்க. இப்போதும் பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன். அந்தப் பொய்யை நான் உனக்கு மட்டும் சொல்லவில்லை. நம்ம அனந்தபுரம் சந்தையிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். திருத்தத்தை மட்டும் உன் காதில் ரகசியமாகச் சொன்னால் அது என்ன நியாயம்?

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. என்மேல் இருக்கிற கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்மேலும் இருக்கிறது. ஒருதடவையாவது என்னை எதிர்த்துக் கத்தியிருக்கக் கூடாதா? ஐந்து வயசில் முடியாது, சரி. பதினைந்தில்? இருபதில்? போதும்மா, எத்தனை வருஷத்துக்கு அந்தக் காலையே சொல்லுவ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அன்றைக்கே உளறியிருப்பேன். எனக்கு ரகசியம் தங்காது, உனக்கே தெரியும். நீ வாயை மூடிக்கொண்டு மெட்ராஸ் போய், கதவு சாத்திய ஓர் அறைக்குள், யாரோ ஒரு டைரக்டருக்கு அதை நடந்து காட்டியிருக்கிறாய். முன்பின் தெரியாதவருக்குக் காட்டத் தெரிந்தது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாளைக்கு உனக்கு வருகிறவளிடமும் இப்படி இருக்காதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். கோபம் வந்தால் தட்டைத் தூக்கிப் போடு. தட்டு நசுங்கினால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

இனி நீ கேட்டதற்குப் பதில். காலை எடுக்காதே. மூன்று வாரத்துக்கு முன்னால் எடுத்துவிடு என்று எழுதியதை நானே அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அது நல்ல வேலை. பயமுறுத்தியவள் நான், பயந்தவன் நீ, அதில் ஒட்டுவேலை எதுவும் இல்லை. பொடியன்கள் பேய் வருகிறது என்றால் திரும்பி நின்று ஆமாண்டா என்று சொல்லிக்கொள்கிறேன். உன் அடுத்த படமும் கெடவேண்டாம்.

ஒன்றை மட்டும் திருத்து. கால் வந்து நின்றபிறகு அந்தப் பையன் மூச்சை அடக்குகிறான். அடக்கியபடியே திரை இருட்டாகிவிடுகிறது. இருட்டில் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லாமல் விட்டிருக்கிறாய். பத்துத் தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், அங்கே இடம் இருக்கிறது. அந்த இடத்தில் அவன் மூச்சை வெளியே விடுகிற சத்தத்தைச் சேர். வேறு யாரையும் வைக்காதே, நீயே விடு. காட்சியில் இருக்கிற பயமெல்லாம் போய்விடும் என்று உன் டைரக்டர் சொல்வார். போகட்டும்.

உன் அம்மா